தவிலுக்கு வைக்கும் மைக்கைத் தள்ளி வையுங்கள்

தவில் என்றாலே இரைச்சல் என்று நினைக்கும் ஒலிப்பதிவாளர்களிடம் நம் காவிரிக் கரையின் மங்கல இசை இன்னும் எத்தனை காலம் சிக்கிக்கொண்டு கிடக்க வேண்டும்? அண்மையில் எனக்கு வந்து சேர்ந்த சில புதிய பதிவுகளைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. நாகஸ்வரம் நன்றாகவே ஒலிக்கிறது. ஜால்ரா தேவைக்கு மேல் ஒலிக்கிறது. தவிலில் மட்டும் வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) விரல்கூடு (விரல்களில் மாட்டும் கூடு) படும் ‘டக் டக்’ முன்னால் வந்து நிற்கிறது. தொப்பி (கழியால், அதாவது குச்சியால், அடிக்கும் இடப்பக்கத் தோல்) இருந்த இடத்தில் ஏதோ ஒரு மந்தமான ‘பூம்’. கழி விழுந்ததும் எழும் நாதமும், அது அடங்கும் அழகும் எங்கே போயின? நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளையும் வாசித்த மண்ணில், அவர்களுடைய வாத்தியத்துக்கு இதுதான் மரியாதையா?

காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றே ஒன்று: மேடைப் பழக்கத்தை அப்படியே பதிவு அறைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். திருமண மண்டபத்தில் தவிலுக்கு மைக்கை ஒட்டி வைப்பதில் தவறில்லை. சுற்றிலும் ஸ்பீக்கர், பந்தியில் கூச்சல். தள்ளி வைத்தால் ஊளையிடும். பதிவு அறையில் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆனாலும் வழக்கம்போல ஒரு டைனமிக் மைக்கை வலந்தலையிலிருந்து நான்கு விரல் தள்ளியும், இன்னொன்றைத் தொப்பியிலிருந்து நான்கு விரல் தள்ளியும் வைத்துவிட்டு மிக்ஸர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

தவில் இரண்டு தோல்கள் மட்டும் கொண்ட வாத்தியம் அல்ல. பலா மரத்தைக் குடைந்தெடுத்த அந்தக் கட்டை பேசுகிறது, உள்ளே அடைபட்ட காற்று பேசுகிறது, வித்வான் உட்கார்ந்திருக்கும் தரையும் சேர்ந்து பேசுகிறது. தோலின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு விதமாக அதிர்கிறது. விளிம்பில் ஒரு குரல், நடுவில் ஒரு குரல். நான்கு விரல் தூரத்தில் இருக்கும் மைக்குக்கு அதில் ஒரு துண்டு மட்டுமே கேட்கும். அதோடு, ஒரு திசையை நோக்கிக் கேட்கும் கார்டியாய்டு வகை மைக்குகளை ஒலி மூலத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் கீழ்ஸ்தாய் தானாகவே ஊதிப் பெருகும். தொப்பியின் சுருதியை விழுங்கிவிடும் அந்தப் ‘பூம்’ இப்படித்தான் வருகிறது. அதை ஈக்வலைசரில் வெட்டுகிறார்கள். வெட்டியதும் தொப்பி மெலிந்துவிடுகிறது. பிறகு ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரைப் போட்டு நசுக்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய கேடு இன்னொன்று உண்டு. பதிவு முடிந்து ஹெட்போனில் கேட்ட ஒரு மூத்த தவில் வித்வான் என்னிடம் கேட்டார்: “தம்பி, வலந்தலை கேட்கிறது. தொப்பி எங்கே போயிற்று?” அவர் காது பொய் சொல்லவில்லை. தொப்பியில் கழி விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு வலந்தலைத் தோல் வெளியே வருகிறது. ஆக, ஒரு மைக்கை விட்டுத் தோல் விலகும் அதே கணத்தில் இன்னொரு மைக்கை நோக்கித் தோல் வருகிறது. இரண்டு மைக்குகளின் அலைகளும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. சேர்த்துக் கேட்டால் கீழ்ஸ்தாயில் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. மிக்ஸரில் ஒரு சேனலுக்கு மட்டும், அலையைத் தலைகீழாகப் புரட்டும் ‘ஃபேஸ்’ பொத்தானை அழுத்தினேன். கனமும் நாதமுமாகத் தொப்பி திரும்பி வந்தது. வித்வான் ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். இரண்டு தலை உள்ள எந்த வாத்தியத்துக்கும் முதலில் பார்க்க வேண்டிய காரியம் இது. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்காமல் முழு ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் வைக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் சிறிய டயாஃப்ரம் (ஒலியை வாங்கும் மெல்லிய சவ்வு) கொண்ட கண்டென்சர் மைக் ஜோடி. கழியடியும் கூட்டடியும் மின்னலாக எழுந்து அடங்குபவை. அந்த வேகத்தைச் சிறிய டயாஃப்ரம் பிசகாமல் பிடிக்கும், பக்கவாட்டில் வரும் ஒலியையும் அதிகம் நிறம் மாற்றாது. வித்வானுக்கு எதிரே நான்கு அடி தள்ளி, உட்கார்ந்திருக்கும் அவருடைய தலை உயரத்தில், கட்டையின் நடுவைப் பார்த்துச் சற்றுக் கீழ்நோக்கி வைக்கிறேன். இரண்டு மைக்குக்கும் இடையே 17 சென்டிமீட்டர், விரிகோணம் 110 டிகிரி. பிரெஞ்சு வானொலியார் வகுத்த இந்த அமைப்பில் வலந்தலை ஒரு பக்கமும் தொப்பி ஒரு பக்கமுமாக, மேடைக்கு எதிரே உட்கார்ந்து கேட்பது போலவே வந்துவிடும். தவிலின் உரப்பு சாமானியமானது அல்ல. மைக்கில் 10 டெசிபல் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள். 24 பிட்டில் பதியும்போது உச்ச அடி -12 டெசிபலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வித்வான் உற்சாகமடைந்து தீர்மானத்தில் (முடிப்பு அடிகளில்) ஏறி அடிக்கும் நேரத்துக்கு இடம் வேண்டும்.

இந்த ஜோடியிலேயே முக்கால் பங்கு வேலை முடிந்துவிடும். பிறகு தேவைப்பட்டால்தான் அருகு மைக்குகள். தொப்பிக்கு ஒரு டைனமிக்: ஒரு சாண் தள்ளி, கழி வீச்சுக்கு வெளியே, நடுவுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்த்து. வலந்தலைக்கு ஒருபோதும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். கூட்டின் ‘டக்’ அங்கேதான் பிறக்கிறது. சாய்வாக, ஒன்றரைச் சாண் தள்ளி வையுங்கள். நான்கு அடி தூரத்தை ஒலி கடக்க மூன்றரை மில்லி செகண்டு ஆகும். அதில் அருகு மைக்கை ஒலி எட்டும் நேரம் போக மீதி அளவுக்கு அருகு மைக்குகளைத் தாமதப்படுத்தி, ஜோடியைவிடப் பத்து டெசிபல் கீழே கலந்தால் கனம் மட்டும் கூடும். அவை தனியாகத் தெரியாது. ஜால்ரா போடுபவரைக் கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம் உட்கார வைத்தால் அந்தக் கூரிய ஒலி பாதியாகிவிடும். ஈக்வலைசரில் ஒரு மணி நேரம் போராடுவதைவிட ஜமுக்காளத்தை இரண்டடி நகர்த்துவது மேல்.

குச்சியால் அடிக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் தூரம்தான் உயிர். ஜலதரங்கத்தில் பீங்கான் கிண்ணங்கள் அரைவட்டமாக விரிந்திருக்கும். மைக்கை நெருக்கினால் அதன் நேர் கீழே இருக்கும் இரண்டு கிண்ணம் மட்டும் கத்தும், ஓரத்துக் கிண்ணங்கள் முணுமுணுக்கும். மூன்றடி உயரத்தில் ஒரு ஜோடி போதும். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். அதன் ஓசை ஒரு பக்கம், தண்ணீர் வற்றினால் கிண்ணத்தின் சுருதி ஏறிவிடும் என்பது மறுபக்கம். மரச் சட்டங்கள் கொண்ட மரிம்பா, உலோகச் சட்டங்கள் கொண்ட வைப்ரஃபோன் ஆகியவற்றைப் பதிபவர்களும் சட்டங்களுக்கு மேலே இப்படித்தான் ஜோடி வைக்கிறார்கள். மரிம்பாவின் கீழ்ஸ்தாய்க்காக அடியில் உள்ள குழாய்களின் பக்கம் ஒரு மைக் சேர்ப்பதுண்டு. வைப்ரஃபோனில் அதைச் செய்தால் மோட்டார் ஓசையும் கூடவே ஏறிவிடும்.

‘எங்களிடம் நல்ல அறை இல்லையே’ என்பார்கள். நம் ஊரில் இல்லாத அறையா? குறுவை அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கிய கூடத்தில் பதிந்து பார்த்திருக்கிறீர்களா? மூன்று சுவரிலும் சாக்கு மூட்டை. எதிரொலி அடங்கிவிடும், தவில் மட்டும் நிற்கும். கருங்கல் மண்டபம் இதற்கு நேர்மாறு. அங்கே நான்கடியை மூன்றடியாகக் குறைக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கல்லின் முழக்கத்தோடு வரும் மல்லாரிக்கு (சாமி புறப்பாட்டில் வாசிக்கும் இசை) எந்தச் செயற்கை எதிரொலியும் ஈடாகாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கவனம் தேவை. ஈரக் காற்றில் தோல் தளரும். கண்டென்சர் மைக்குகளிலும் படபடவென்று ஓசை வரும். மைக்குகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். வித்வான் தோலை இறுக்க நேரம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

தவில் வாசிக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பதிவுக்குப் போகும்போது, வாசிக்கத் தொடங்குமுன் எதிரே ஒரு ஜோடி மைக் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் ஐந்து நிமிடப் பதிவை, எதையும் கூட்டாமல் குறைக்காமல், அந்த ஜோடியில் மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘உங்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கும்பகோணம் பக்கம் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். மைக்கும் ஸ்டாண்டும் நான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.