தன் நோய்க்குத் தானே துபாஷி

சில ஆண்டுகளுக்கு முன்பு, லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில் ஒரு மருத்துவ நிலையத்தில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாயும் பதினைந்து வயது மதிக்கத்தக்க மகனும் நின்றார்கள். மகன் போதை மாத்திரைகளை எப்போதிலிருந்து விழுங்குகிறான் என்று தாயிடம் கேட்டுச் சொல்லும்படி செவிலியர் அந்தப் பையனிடமே ஆங்கிலத்தில் சொன்னார். அவன் திரும்பி, "தலைவலி எப்போது தொடங்கியது என்று கேட்கிறார்" என்று ஸ்பானிய மொழியில் சொன்னான். என்னுடைய அரைகுறை ஸ்பானிய மொழிக்கே அது விளங்கிவிட்டது. தாய் மிகுந்த அக்கறையோடு நீண்ட பதில் சொன்னார்.

பையன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. தன் வழக்கில் தானே துபாஷியாக நிறுத்தப்பட்ட எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவசர நிலை தவிர, சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்று 2016இல் வெளியான கூட்டாட்சி சுகாதார விதி தெளிவாகவே சொல்கிறது. விதி இருக்கிறது, ஆள்தான் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்க மக்கள்தொகையில் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள், ஏறத்தாழ 19 சதவீதம். ஸ்பானிய மொழியில் சிகிச்சை அளிக்க இயலும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சொன்ன உளவியலாளர்களோ 5.5 சதவீதம்தான்.

ஆனால் மொழி கிடைத்தால் மட்டும் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. 'பண்பாட்டுக்கு ஏற்ற சேவை' என்ற பெயரில் பல இடங்களில் நான் பார்த்தது, சுவரில் வண்ணக் காகிதத் தோரணமும் மேசையில் ஸ்பானியத் துண்டறிக்கையும்தான். இதைவிட ஆழமாக யோசித்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தார்கள். 1970களில் மயாமியில், கியூபாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் போதைப் பழக்கத்தில் சிக்கியபோது, உளவியலாளர் ஹோசே ஷபோச்னிக்கும் அவருடைய குழுவினரும் வீட்டுக்குள் நடப்பதைக் கவனித்தார்கள். பிள்ளைகள் அமெரிக்க வழக்கங்களை வேகமாகப் பழகிக்கொள்ள, பெற்றோர் பின்தங்கினர். வங்கிக் கடிதத்தையும் பள்ளி அறிக்கையையும் பிள்ளையே படித்துச் சொல்லும் வீட்டில், கண்டிக்கும் உரிமை பெற்றோர் கையிலிருந்து மெல்ல நழுவுகிறது. எனவே பையனை மட்டும் தனியறையில் உட்காரவைத்துப் பேசாமல், குடும்பத்தையே சிகிச்சைக்கு உரியதாகக் கொண்டார்கள். பின்னர் அதே மயாமியில் ஹில்டா பான்டின் முன்னின்று உருவாக்கிய 'ஃபமிலியாஸ் உனிதாஸ்' (ஒன்றுபட்ட குடும்பங்கள்) திட்டம், பெற்றோரைச் சிறு குழுக்களாகக் கூட்டி, அவர்கள் வழியாகவே பிள்ளைகளை எட்டியது.

அமெரிக்காவில் பிறந்த லத்தீனோக்களிடையே காணப்படும் அளவுக்குப் போதைப்பொருள் பயன்பாடு, வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்களிடையே இல்லை என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. வீட்டிலிருந்து கொண்டுவந்த பண்பாட்டைத் தடையாகக் கருதி, அதைத் தாண்டச் சொல்லும் ஆலோசகர்கள் இதை ஒரு முறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தைப் போற்றும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வீட்டுக்குள்ளேயே அடி வாங்கும் பெண்ணுக்கும், தன் பாலீர்ப்பைச் சொல்ல முடியாத பையனுக்கும் குடும்பக் கூட்டம் ஆபத்தாகவே முடியலாம். கலிஃபோர்னியாவில், குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடி-கால் உள்ள, 12 வயதோ அதற்கு மேலோ ஆன சிறார்கள் வெளிநோயாளர் மனநல ஆலோசனைக்குத் தாங்களே ஒப்புதல் தரும் வழி 2024 ஜூலை முதல் விரிவாக்கப்பட்டது. அது சரியென்றே கருதுகிறேன். முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசிவிட்டு, பிறகு அவன் சம்மதத்தோடு பெற்றோரை அழைக்கலாம். இந்த வரிசை மாறினால் இருவரையும் இழப்போம்.

'லத்தீனோ' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடைத்துவிடவும் முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் கன்ஹோபால், கிச்சே போன்ற மாயன் மொழிகளைப் பேசும் குவாத்தமாலாக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழி.

2022 செப்டம்பரில் ஹாலிவுட் பள்ளி ஒன்றில், ஃபென்டனில் என்ற கொடிய போதைமருந்து கலந்த போலி மாத்திரையால் 15 வயது மாணவி இறந்த பிறகு, லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகள் அனைத்திலும் அத்தகைய மருந்தின் மிகையளவை முறிக்கும் நலோக்சோன் வைக்கப்படும் என்று பள்ளி நிர்வாகம் அறிவித்தது. 2023 ஜூலையில் தற்கொலை, மனநல நெருக்கடிக்கான 988 உதவி எண்ணில் ஸ்பானிய மொழிக் குறுஞ்செய்தி வசதி வந்தது. மறுபக்கம், ஆங்கிலம் அறியாதோருக்கு மொழியுதவி தரச் சொன்ன 2000ஆம் ஆண்டின் அதிபர் ஆணை 2025 மார்ச்சில் ரத்தாகிவிட்டது. இந்த நிலையில் சேவை நிலையங்கள் பணத்தை எதில் போட வேண்டும் என்று கேட்டால், சுவர் அலங்காரத்தைவிட முதலில், தொலைபேசி வழியாகவேனும் கிடைக்கக்கூடிய பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளருக்கு என்பேன். அடுத்தபடியாக, பெற்றோர் வேலை முடிந்து வரக்கூடிய மாலை நேரச் சந்திப்புகளுக்கு.