ஒரு பக்கக் கரையையாவது மண்ணாக விடுங்கள்

ஊர்க் குளங்களைத் தூர்வாரி, நாலு பக்கமும் சீமெந்துச் சுவர் எழுப்பி, நடைபாதை போட்டு, விளக்குப் பூட்டுகிறார்கள். தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இது. மாரி மழை குளத்தில் தேங்கி, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கோடையில் கிணற்றில் தண்ணீர். ஆனால் நாலு பக்கமும் செங்குத்துச் சுவர் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. காரணம், கரையில் நான் பார்க்கிற நீர்ப்பறவைக் குஞ்சுகள்.

வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஆறு. அளவெட்டிப் பக்கமிருந்து குளங்களைத் தொட்டுக்கொண்டு வந்து, அராலிப் பக்கம் கடலேரியில் சேரும். அந்த வழியில் உள்ள ஒரு குளத்தைத்தான் சொல்கிறேன். பெயரைப் போடவில்லை. போட்டால் படம் எடுக்க ஆட்கள் கூடிவிடுவார்கள், குஞ்சுகளுக்குத்தான் கரைச்சல்.

பங்குனி, சித்திரையில் அங்கே தாமரை இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி குஞ்சுகளோடு திரியும். கூடவே நிற்பது தாயல்ல, தகப்பன். பெட்டை நாலு முட்டை இட்டுவிட்டு வேறு சேவலிடம் போய்விடும். ஏறக்குறைய 26 நாள் அடைகாப்பதும், பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் சேவல்தான். குஞ்சின் உடம்பு சின்னஞ்சிறியது, கால்விரல்களோ அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். அது காலை வைத்ததும் இலையின் ஓரம் லேசாகத் தாழ்ந்து தண்ணீர் ஏறும். அந்த ஈரத்தில் வந்த பூச்சியைக் கொத்திவிட்டு அடுத்த இலைக்கு நடக்கும்.

ஒருமுறை பருந்து ஒன்று தாழப் பறந்தது. தகப்பன் குரல் கொடுத்ததுதான் தாமதம், குஞ்சு ஒன்றையும் காணோம். தொலைநோக்கியால் இலை இலையாகத் தேடினேன். ஒன்று உடம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அலகை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தது. பருந்து போய் வெகுநேரமாகியும் அது அசையவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது இதை? இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

கரையோரக் கோரைக்குள் கானாங்கோழிக் குஞ்சுகள், கரிப்பூசிய பஞ்சு உருண்டைகள் மாதிரி. முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடுக்குளத்தில் மிதக்கும். கரைக்கு மேலே வெறுந்தரையில் ஆக்காட்டி முட்டையிடும். வெயில் ஏறியதும் தண்ணீரில் இறங்கி வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும்.

ஆக்காட்டிக் குஞ்சும் இலைக்கோழிக் குஞ்சும் பொரித்துக் கொஞ்ச நேரத்திலேயே நடக்கத் தொடங்கும், ஆனால் பறக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் சாப்பாடு, தண்ணீர், ஒளிப்பிடம் எல்லாமே கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் கோரையும் உள்ள அந்த ஓரம்தான். சுவர் வந்தால் ஓரம் போய்விடும். மேலே நிற்கிற ஆக்காட்டிக் குஞ்சு தண்ணீருக்கு இறங்க முடியாது. தண்ணீருக்குள் விழுந்த குஞ்சு சுவரில் ஏற முடியாது. பெரிய பறவைகள் அப்போதும் வந்து நிற்கும், ஆகவே குளம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

இன்னொன்று. தனியாக நிற்கிற குஞ்சைப் பாவம் பார்த்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தாயோ தகப்பனோ பெரும்பாலும் பக்கத்தில்தான் மறைந்திருக்கும். நீங்கள் தள்ளிப் போனால் வந்துவிடும்.

சரி, பிள்ளைகள் தவறி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீதிப் பக்கம் சுவர் கட்டட்டும், கோயில் பக்கம் படி கட்டட்டும். வயல் பக்கத்தை மட்டும் சரிவான மண்கரையாக விட்டால் போதும். அங்கே கோரையையும் தாமரையையும் அடியோடு வழிக்காமல் ஒரு பகுதியை விட வேண்டும். பங்குனி முதல் ஆடி வரை அந்தப் பக்கம் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறக்கக் கூடாது.

எங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊர்க் குளத்துக்கும் வேலை வருகிறது என்று கேள்விப்பட்டால், தொடங்குவதற்கு முதலே வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். நாலு பக்கமும் சுவர் போட்டிருந்தால் வயல் பக்கத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.