முதலில் சால்வை, அப்புறம் பட்டு

தை பிறந்துவிட்டது. மார்கழி முழுக்கச் சும்மா கிடந்த ஊட்டி, குன்னூர் மண்டபங்களுக்கு இனி ஓய்வில்லை. என் போனுக்கும்தான். "அங்கே ரொம்பக் குளிருமா? எந்தப் புடவை கட்டிட்டு வரட்டும்?" என்று கோயம்புத்தூர், திருப்பூர்ச் சொந்தங்கள் வரிசையாகக் கேட்கிறார்கள். புடவையை அப்புறம் பார்த்துக்கலாம், மேலே எதைப் போர்த்தப் போறீங்க, அதைச் சொல்லுங்க என்பதுதான் என் பதில்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. மலைக் கல்யாணத்தில் உங்கள் புடவையை யாரும் முழுசாகப் பார்க்கப் போவதில்லை. விடியற்காலை முகூர்த்தத்துக்கு வந்து உட்கார்ந்தால் கண்ணில் படுவது கொசுவமும் கொஞ்சம் கரையும்தான். மீதியெல்லாம் ஸ்வெட்டர். ஆனால் பல ஆயிரம் கொடுத்துக் காஞ்சிபுரம் எடுக்கிறவர்கள், அதன் மேல் போட பீரோவின் அடித்தட்டில் கிடந்த ஸ்வெட்டரை உருவிக்கொண்டு வருகிறார்கள். முழங்கையில் நூல் பிரிந்து, ஒரு பொத்தான் மட்டும் வேறு கலரில். அரக்குப் பட்டுக்கு மேல் கத்தரிப்பூ ஸ்வெட்டர், அதற்கு மேல் மல்லிகைச் சரம். ஏன் இந்தக் கோலம்?

மேடையில் நடப்பது இன்னும் வேடிக்கை. போட்டோகிராபர் தம்பி, "அக்கா, ஸ்வெட்டரைக் கழட்டிருங்க, பட்டு தெரியட்டும்" என்பார். குடும்பமே கழற்றும். மேடைக்குக் கீழே முதல் வரிசை நாற்காலியில் ஸ்வெட்டர், மப்ளர், மங்கி கேப் எல்லாம் குவியும். காவலுக்கு ஒரு பையன். மேலே ஆறேழு பேர் தோளைக் குறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சிரிப்பார்கள். இறங்கி வந்ததும் யார் ஸ்வெட்டர் யாரிடம் என்று ஒரு ரகளை. ஆல்பத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது குளிர்காலம் என்றே தெரியாது. எல்லோர் முகமும் ஏன் விறைப்பாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். போட்டோவிலும் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி நல்ல சால்வையாக ஒன்று எடுத்தால் இந்தக் கூத்தே வேண்டாமே.

கீழே இருந்து வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். கீழே பஸ் ஏறும்போது இருந்த வெயிலை நம்பி வரக்கூடாது. அதோடு, மேகமில்லாத ராத்திரியில் தரை சூட்டை விட்டுவிடும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானமெல்லாம் காலையில் உறைபனியில் வெள்ளை பூத்துக் கிடப்பது இதனால்தான். குன்னூர், கோத்தகிரி இவ்வளவு மோசமில்லை. கூடலூர் ரொம்பவே கீழே, அங்கே மெல்லிய ஸ்வெட்டரே போதும். ஆக, பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு அடுத்தபடி ஊர் பெயரைப் பாருங்கள், அப்புறம் முகூர்த்த நேரத்தை.

இதில் ஒரு சிக்கல், பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். பந்தியில் ரசம் ஊற்றும்போது வேர்க்கும். அதனால் ஒரே கனமான கம்பளி உதவாது. உள்ளே மெல்லிய தெர்மல் உள்ளாடை, முழங்கை வரை கை வைத்த பிளவுஸ், மேலே சால்வை. அடுக்குக்கு அடுக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. தடிமன் மட்டும் போதாது. நல்ல பட்டு தன் பங்குக்குக் கொஞ்சம் சூடு காக்கும். சிந்தெடிக் பட்டு மேலே பட்டாலே ஜில்லென்று இருக்கும், ஊட்டிக்கு அதைக் கட்டிக்கொண்டு வராதீர்கள். அக்ரிலிக் சால்வை போடுகிறவர்கள் குத்துவிளக்கு, ஹோமப் பக்கம் போகும்போது முந்தானையைப் பிடிப்பது போல அதையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தீப்பொறி பட்டால் உருகி ஒட்டும். பனி ஈரத்தோடு புடவையை மடித்து வைத்தால் ஜரிகை கறுக்கும். வீட்டுக்குப் போனதும் நிழலில் ஆறப்போடுங்கள்.

ஆண்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை இல்லை. வேட்டி, மேலே கோட்டு, கழுத்தில் மப்ளர் என்று எங்கள் பெரியவர்கள் எப்போதோ தீர்த்துவைத்த பிரச்சினை அது. வேட்டிக்குள் தெர்மல் பேன்ட் போட்டிருப்பது ஊரறிந்த ரகசியம். பட்டுச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வீரம் காட்டுகிற இளவட்டங்கள் அரை மணி நேரத்தில் சமையற்கட்டு அடுப்போரம் போய் நிற்பார்கள்.

எங்கள் மலைக்காரர்களான படுகர் வீட்டுக் கல்யாணம் என்றால் பார்வையே வேறு. வெள்ளையில் போகலாமா என்று கீழ்நாட்டில் தயங்குவோமே, அங்கே வெள்ளைதான் நிறைவு. பாட்டிமார் வெள்ளைத் துணி உடுத்தி, தலையில் வெள்ளைத் துணி கட்டி வந்து உட்காரும்போது எந்த ஜரிகையும் பக்கத்தில் நிற்காது. ஒரு நல்ல வெள்ளைச் சால்வையோடு போனால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆட்டம் ஆரம்பித்தால் விருந்தாளியையும் வட்டத்துக்குள் இழுத்துவிடுவார்கள். காலை எடுத்து வைக்கத் தோதாகப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு போங்கள்.

சால்வை வாங்க வேண்டுமானால் ஊட்டி திபெத்திய மார்க்கெட்டில் கம்பளி வகைகள் கிடைக்கும், பேரம் பேசலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரிச் சால்வைக்குத்தான் என் ஓட்டு. வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக, இழை எண்ணி எண்ணிக் கையால் போடுகிற வேலை. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெஷினில் போட்ட நகலும் விற்கிறார்கள். ஆகவே தோடர் பெண்களிடமே நேரில் வாங்குங்கள், அங்கே பேரம் வேண்டாம். எந்த நிறப் பட்டுக்கும் அது எடுப்பாக இருக்கும். போட்டோகிராபர் தம்பியே "அக்கா, அது இருக்கட்டும்" என்பார்.

பாதங்களை மறந்துவிடாதீர்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு டைல்ஸ் தரையில் நடக்க வேண்டும். புடவைக்குள் சாக்ஸ் போட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால்தான் என்ன?

கடைசியாகக் கல்யாண வீட்டாருக்கு. தை மாதத்தில், ராத்திரி ஏழு மணிக்கு, புல்வெளியில் ரிசப்ஷன் வைக்கிறீர்கள். லைட் அலங்காரமெல்லாம் அழகுதான். ஓரமாக நாலு இடத்தில் கணப்புச் சட்டி வையுங்கள், இல்லையென்றால் பத்திரிகையிலேயே 'திறந்தவெளி' என்று போட்டுவிடுங்கள். இரண்டும் இல்லையா, நான் வீட்டுப் போர்வையோடுதான் வருவேன். வாசலில் பன்னீர் தெளிக்கிற பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், என் மேல் தெளிக்கவும் வேண்டாம், பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்.