பில் புரியாமல் போனால் அது யாருடைய குறை?

அப்பாவின் தரைவழித் தொலைபேசி பில்லில் ஒரு கட்டணம் எதற்கென்றே புரியவில்லை என்று நான் எழுதியதற்கு, "வாசிக்கத் தெரியாதவர்கள் பிரீபெய்டுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே" என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். அதற்குப் பலர் விருப்பக்குறியும் இட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபின் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பணம் கேட்பவர், எதற்காகக் கேட்கிறார் என்பதைப் புரியும்படி சொல்லியாக வேண்டும். இது என் சொந்த ஆசை அல்ல. கட்டணம் உள்ள எந்தக் கூடுதல் சேவையானாலும், வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் முன்பே அதன் விலையைச் சொல்லிவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இலேயே விதி செய்தது. கேட்காத காலர் டியூனுக்கெல்லாம் பணம் பிடித்த கொடுமை தொடர்ந்ததால்தான், 2013 ஜூலையில் இரண்டு முறை ஒப்புதல் பெற வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. அமெரிக்காவிலோ, பில்லின் ஒவ்வொரு கட்டணத்துக்கும் தெளிவான விளக்கம் வேண்டும் என்ற விதி 1999இல் வந்துவிட்டது.

என் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மின்வாரியத்தின் வெள்ளை அட்டையில் எழுதிய அளவை மீட்டரோடு ஒப்பிட்டு, முந்தைய அளவைக் கழித்து, எந்தப் படிநிலையில் எத்தனை யூனிட் வருகிறது என்று தாமே கணக்குப் போட்டவர் அவர். அப்படிப்பட்டவருக்கு, தொலைபேசி பில்லில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருந்த ஒரு கட்டணம் மட்டும் விளங்கவில்லை. வாடிக்கையாளர் சேவை மையத்தில் கேட்டபோது, "சிஸ்டத்தில் அப்படித்தான் சார் காட்டுகிறது" என்றார்கள். அவர்களுக்கே விளங்காத கட்டணத்தை அப்பா ஏன் கட்ட வேண்டும்?

'செயலியில் விவரம் இருக்கிறதே' என்பீர்கள். அப்பாவிடம் இருப்பது பொத்தான் போன். என் போனில் திறந்து பார்த்தால் அங்கும் அதே சுருக்கெழுத்துதான். திட்டங்கள் ஏராளம், எல்லாவற்றையும் ஒரு தாளில் விளக்க முடியாது என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 18 சதவீத ஜிஎஸ்டியைத் தனியாகத் தெளிவாகக் காட்ட முடிகிறதே, மற்றவற்றை ஏன் முடியாது? பிரீபெய்டுக்கு மாறச் சொல்பவர்களே, அங்கே பயன்பாட்டு விவரப் பட்டியலைக் கேட்டால் அதற்கே 50 ரூபாய் வரை வாங்கலாம் என்று 2012இன் விதி சொல்வது உங்களுக்குத் தெரியுமா?

டிராயிடம் புகார் செய்யலாமே என்பதும் எளிதாகச் சொல்லிவிடும் யோசனை. தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு மேல்முறையீட்டு அதிகாரி. அவரும் அதே நிறுவனத்துக்குள்தான் இருக்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போனாலோ, 2009இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டியே நிறுவனங்கள் தடுத்துவந்தன. தொலைபேசி வழக்குகளையும் அங்கே விசாரிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்ல 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சின்னத் தொகைக்கு ஏன் இத்தனை கோபம் என்கிறார்கள். தொகை சின்னது என்பதால்தான் யாரும் கேட்பதில்லை. கேட்டால் படிக்காதவர் என்று பெயர் வரும் என்று அஞ்சி, என் அப்பாவைப் போன்ற எத்தனையோ பெரியவர்கள் பேசாமல் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பயத்தைத்தான் உங்கள் விருப்பக்குறி இன்னும் வளர்க்கிறது.

மேல்முறையீட்டை அப்பாவின் பெயரிலேயே, தமிழிலேயே எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் ஒரு சொல்லையும் மாற்றாமல் இங்கே இடுகிறேன்.