ஆமாம், புகார் கொடுத்தது நான்தான்

நேற்றிலிருந்து புலன (வாட்ஸ்அப்) குழுவில் யார் யார் என்று ஆளாளுக்கு ஊகம் செய்துகொண்டிருக்கிறீர்கள். சிரமம் வேண்டாம். லிந்தாங் சாலையில் அந்தப் பள்ளி வேன் ஓட்டுநர் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே ஓட்டியதைக் காணொளியாக மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) ஈ-அடுவான் புகார்த் தளத்தில் அனுப்பியது நான்தான். வண்டி எண், இடம், நேரம் எல்லாம் சேர்த்துத்தான் அனுப்பினேன். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். முன் இருக்கையிலும் ஒரு பிள்ளை, பெல்ட் இல்லாமல்.

"நம்ம ஆளையே காட்டிக் கொடுத்துட்டாங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கட்டைவிரல் போட்டவர்களின் பெயர்களையும் பார்த்தேன். அதில் பாதிப் பேரின் பிள்ளைகள் அந்த வேனில்தான் போகிறார்கள். இது எனக்குப் புரியவில்லை. உண்மையிலேயே புரியவில்லை. வேனுக்குள் இருந்த பிள்ளைகள் நம்ம ஆள் இல்லையா?

நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொன்னேன். போன தீபாவளிக்கு முன்பே, பாசார் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தபோது பக்குவமாகத்தான் சொன்னேன். "இது கண்ணை மூடிட்டு ஓட்டுற ரோடுக்கா, சின்ன வயசிலேருந்து பழக்கம்" என்று சிரித்தார். அவருக்குப் பழக்கம்தான். ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி திடீரென்று தோட்டத்துச் சந்திலிருந்து வெளியே வரும்போது, அது அவருடைய பழக்கத்தைக் கேட்டுக்கொண்டு வராது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண்ணைத் திரையில் வைத்தால் வண்டி 50 மீட்டர் போய்விடும். அந்த 50 மீட்டருக்கும் அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை என்றுதான் அர்த்தம். கைப்பேசி பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையில் பிடிக்காமல் பேசினாலும் கவனம் சிதறத்தான் செய்யும் என்றும் சொல்கிறது. இவர் கையில் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் ஓட்டிக்கொண்டே படம் எடுக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எடுத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகள். போலீஸ்காரர்களே பேசிக்கொண்டு ஓட்டுகிறார்களே என்று இன்னொருவர். அப்படிப் பார்த்தால் அவர்கள் மேலும் புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இதில் எனக்கு அதிகமாக வலித்தது, "ஏழையின் வயிற்றில் அடிக்காதே" என்ற பேச்சு. வேன் ஓட்டிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பதற்கு 300 ரிங்கிட் கம்பவுண்ட், அதாவது அபராதம். அதே ஓட்டுநர் ஆபத்தாக ஓட்டி ஒரு உயிர் போய்விட்டால், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இருக்கிறது. 5 முதல் 10 ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், லைசனும் போய்விடும். எது வயிற்றில் அடிப்பது? 300 ரிங்கிட்டோடு அவர் அந்தப் பழக்கத்தை விட்டால், அவர் குடும்பத்துக்கு நல்லது செய்தது நானா, "பாவம் விடுங்க" என்று எழுதிய நீங்களா?

"நம்ம ஆளு" என்ற பேச்சு எனக்குப் புதிதில்லை. 2009-இல் என் அண்ணன் விடியற்காலை மோட்டாரில் ரப்பர் பால் வெட்டப் போனபோது ஒரு காடி (கார்) மோதியது. ஓட்டியவர் போனில் நம்பர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். "ஒரே செகண்டுதாண்ணே பார்த்தேன்" என்று அவரே அழுதுகொண்டு சொன்னார். அண்ணனுக்கு வலது காலில் தகடு வைத்தார்கள். மேட்டுக்காட்டில் பால் வெட்ட அதற்கப்புறம் அவனால் ஏற முடியவில்லை. இப்போது ஒரு கடையில் ஜாகா (காவல்) வேலை பார்க்கிறான். ஒரு வாரம் கழித்து அவர்கள் குடும்பமே பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. கூட வந்த பெரியவர் அப்பாவிடம், "நம்ம ஆளுங்க, கேசு கோர்ட்டுன்னு பெருசு பண்ண வேணாம்" என்றார். அப்பாவும் பேசாமல் தலையாட்டிவிட்டார். அன்றைக்கு அண்ணன் எந்த ஆள் என்று அந்தப் பெரியவரைக் கேட்க எனக்கு வயது பத்தவில்லை. இப்போது கேட்கிறேன்.

2025 மே மாதம் தெலுக் இந்தான் அருகே லோரி மோதி எஃப்ஆர்யூ எனும் கலகத் தடுப்புப் போலீஸ் பிரிவின் வீரர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே கெரிக் சாலையில் பேருந்து கவிழ்ந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் 15 பேர். அவற்றை நான் கைப்பேசிக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு இதே குழுவில் என்னென்ன எழுதினீர்கள்? ஓட்டுநர்களைச் சும்மா விடக்கூடாது, அதிகாரிகள் தூங்குகிறார்கள், முன்பே பிடித்திருந்தால் தடுத்திருக்கலாம். இதோ, ஒருத்தி முன்பே பிடித்திருக்கிறேன். இதற்குத்தானே ஆசைப்பட்டீர்கள்?

இந்த நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள், கோவிட் காலத்தை விட்டுவிட்டால். அதில் பெரும்பாலோர் மோட்டாரில் போகிறவர்கள். நம் வட்டாரத்தில் விடியற்காலையில் மோட்டாரில் போவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. அந்தக் கைப்பேசியில் அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது யார்? பெற்றோர்கள்தான். "அண்ணே எங்க வர்றீங்க", "அண்ணே இன்னிக்கு பாப்பா வரல", "அண்ணே ஹாரன் அடிங்க". காலை ஆறரைக்கு, அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே அனுப்புகிறீர்கள். பதில் வரவில்லை என்றால் இன்னொரு குரல் பதிவு. அவர் செய்தது தப்புதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்த மனுஷன் கையில் போனைத் திணித்ததில் நமக்கும் பங்கு இருக்கிறது. பிள்ளை வராவிட்டால் முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள். வேன் தாமதமானால் பத்து நிமிடம் காத்திருங்கள். வண்டி ஓடும் நேரத்துக்கு அந்தக் குழுவையே பூட்டி வையுங்கள், அட்மின் நினைத்தால் ஒரு நிமிட வேலை.

"வீட்டுக்காரர் ஒன்னும் கேட்கலையா?" என்று என்னைக் கேட்ட அண்ணனுக்கு: இதே புகாரை ஒரு ஆண் கொடுத்திருந்தால் அவருடைய மனைவியைப் பற்றி விசாரித்திருப்பீர்களா? இத்தனை வருடம் இந்த ஊரில் எத்தனை பேருக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், எத்தனை பேரோடு ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறேன். ஒரே நாளில் காட்டிக் கொடுத்தவள் ஆகிவிட்டேன். சரி, இருக்கட்டும்.

நேற்று ராத்திரி மூன்று அம்மாக்கள் எனக்குத் தனியாக எழுதினார்கள். "நீங்க செஞ்சது சரிக்கா, எங்களுக்கும் ரொம்ப நாளா பயம்தான்" என்று. நன்றி, தங்கச்சிகளே. ஆனால் நான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது அதே குழுவில்தான் நீங்களும் இருந்தீர்கள். அந்த வேனில் போவது என் பிள்ளை இல்லை, உங்கள் பிள்ளை. எனக்கு எழுதியதை அங்கே வந்து எழுதுங்கள்.