நூலகத்து கம்ப்யூட்டருக்கு ஒரு நோட்டு போடுங்கள்

கிளை நூலகத்தில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும். இருப்புப் பதிவேட்டில் எண் இருக்கிறது. நேற்று அதில் உட்கார்ந்த எத்தனை பேர் வந்த வேலையை முடித்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. நூலகத்துத் தொழில்நுட்பச் சேவை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது கணக்குதான் கணக்கு.

2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரியும் அதைவிடப் பெரிதாக மேலே இல்லை. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், உதவித்தொகை, கலந்தாய்வுப் பதிவு, பட்டா நகல் என்று எல்லாமே நெட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு அரூரிலோ ஊத்தங்கரையிலோ காசு கேட்காமல் உட்கார நாற்காலி தர வேண்டிய இடம் நூலகம். அதுவும் யாரும் தருமத்துக்கு நடத்துவதில்லை. வீட்டு வரியோடு சேர்த்து அதில் 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அமெரிக்க நூலகங்களுக்கென்று எட்ஜ் என்ற மதிப்பீட்டு முறை ஒன்று வந்தது, 11 அளவுகோல்கள். நல்ல முறைதான். ஆனால் அதை நிரப்பவே தனியாக ஆள் வேண்டும். நம் ஊர்ப்புற நூலகத்தில் புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பேப்பர் அடுக்குவது, கதவைப் பூட்டுவது எல்லாம் ஒரே ஆள். அவருக்கு இருபது விநாடியில் முடிகிற முறையாக இருந்தால்தான் நடக்கும்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு. நான்கு கட்டம்: வந்த நேரம், என்ன வேலை, முடிந்ததா, முடியவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது. எழுந்து போகிறவரே எழுதிவிட்டுப் போகட்டும். பெயர் வேண்டாம், போன் நம்பர் வேண்டவே வேண்டாம். இரண்டு வாரம் போதும், அதில் ஒரு வாரம் ஏதாவது ஒரு பெரிய விண்ணப்பத்தின் கடைசித் தேதி வருகிற வாரமாக இருக்கட்டும். சும்மா இருக்கிற வாரத்தில் எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான். நான்காவது கட்டத்தை மட்டும் கவனமாக எழுதச் சொல்லுங்கள். 'நெட் சரியில்லை' என்று எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது. 'போட்டோ ஏறவில்லை', 'ஓடிபி வரவில்லை', 'சிவப்பு எச்சரிக்கை வந்தது' என்று இருக்க வேண்டும்.

இப்படி எழுதிப் பார்த்தால் பெரிய செலவு கேட்கிற கோளாறு குறைவாகவும், சில்லறைக் கோளாறு நிறையவும் வரும்.

அந்தச் சிவப்பு எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று முக்கோணம் போட்டு நிற்கும். வந்தவர் நெட் போய்விட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுவார். திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள், ஐந்தாறு வருடம் பின்னால் நிற்கும். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. மெஷினின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் நம்பாது. காரணம் மெஷினுக்குள் மதர்போர்டு என்கிற முதன்மைப் பலகையில் இருக்கிற காசு போன்ற பட்டன் பேட்டரி, சிஆர் 2032. சாயங்காலம் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற கட்டடங்களில் கடிகாரத்தை இரவு முழுக்க ஓட்டுவது அந்தப் பேட்டரி மட்டும்தான். அதனால் சீக்கிரம் தீரும். வாட்ச் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். மின்வயரைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பிடியை லேசாக அழுத்தினால் பழையது எகிறிவிடும். கூட்டல் குறி மேலே தெரிய புதியதை வைத்து, தேதியைச் சரிசெய்ய வேண்டும். மறுநாள் காலையில் தேதி நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்தப் பேட்டரி தீர்ந்துபோனதற்காக மூலையில் தூக்கிப் போட்ட மெஷின்களைச் சேர்த்தால் ஒரு புது நூலகமே திறக்கலாம் என்று தோன்றுகிறது.

அடுத்தது போட்டோ. டிஎன்பிஎஸ்சிக்குப் புகைப்படம் 20-லிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10-லிருந்து 20 கேபிக்குள். போனில் எடுத்த படமோ மூன்று நான்கு எம்பி. விண்டோஸோடு வருகிற பெயிண்டில் திறந்து, ரீசைஸில் பிக்சலைத் தேர்ந்து அகலத்தை 300 அளவுக்குக் கொண்டுவந்து, ஜேபெக்காக வேறு பெயரில் சேமித்தால் பெரும்பாலும் வரம்புக்குள் வந்துவிடும். ரொம்பச் சிறுத்துவிட்டால் அகலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும்.

ஆனால் படம் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவதற்குள்தான் பாதிப் பேர் சிக்குவார்கள். டேட்டா கேபிள் இல்லை என்றால் பிள்ளைகள் வாட்ஸ்அப் வெப்பைத் திறப்பார்கள், வேலை முடிந்ததும் லாக்அவுட் பண்ண மறந்து போவார்கள். அடுத்து உட்காருகிறவருக்கு முந்தையவரின் வீட்டுச் சண்டை வரை தெரியும். டைப்-சி ஒன்று, பழைய மைக்ரோ யுஎஸ்பி ஒன்று என்று இரண்டு கேபிள் மேசையில் கட்டி வையுங்கள். மலிவான சார்ஜர் கேபிள் வேண்டாம், பலவற்றில் மின்சாரம் போகிற கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டாவுக்கான கம்பியே இருக்காது. நல்ல கேபிள் போட்டும் படம் தெரியவில்லையா? போன் 'சார்ஜிங் மட்டும்' நிலையில் இருக்கும். மேலிருந்து திரையை இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்ற வேண்டும்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். பல இடங்களில் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும், நெட் கொடுக்கிற பெட்டி நேராகச் சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் போதும். கம்ப்யூட்டர் அணையாது, நெட் பெட்டி திரும்ப எழ இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், அதற்குள் பாதி நிரப்பிய படிவம் போய்விடும். பைபர் பெட்டியையும் வைஃபை ரவுட்டரையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள், இரண்டும் சேர்ந்து ஒரு எல்இடி டியூப்லைட் அளவுக்குத்தான் கரண்ட் எடுக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அங்கே மாட்டிவிடாதீர்கள். மையைத் தாளில் சூடேற்றி ஒட்டுகிற உருளைக்குத் திடீரென்று பல நூறு வாட் வேண்டும். 600 விஏ அளவுள்ள சின்ன யுபிஎஸ் தாங்காமல் கீச்சென்று கத்தி எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும்.

வைஃபை பிடிக்கவில்லை என்ற புகாருக்கு முதலில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திருட்டுப் பயத்தில் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் சிக்னலுக்கும் சேர்த்துத்தான் பூட்டு.

பிரிண்டரில் என் கட்சி கறுப்பு-வெள்ளை லேசர். இங்க்ஜெட் விலை குறைவு என்று வாங்குவார்கள். நூலகத்தில் இரண்டு மாதம் ஆள் வராது, பிறகு ஒரே வாரத்தில் நூறு பேர் வருவார்கள். அந்த இரண்டு மாதத்தில் மை வெளியே வருகிற நுண்துளைகளில் காய்ந்துவிடும். சுத்தம் செய்ய ஓடவிட்டால் இருக்கிற மையும் அதிலேயே காலி. லேசர் டோனர் பொடி, காயாது.

இனி எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம். எந்தப் பொதுக் கம்ப்யூட்டரிலும் டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்து பாருங்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, பேங்க் பாஸ்புக் பக்கம் எல்லாம் கிடக்கும். ஆதார் பிடிஎஃபுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு, இரண்டும் பக்கத்திலேயே கிடக்கிற மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. பிரவுசரில் கெஸ்ட் (விருந்தினர்) முறையில் திறந்தால் பாஸ்வேர்டும் பார்த்த பக்கங்களும் தங்காது, ஆனால் இறக்கிய கோப்பு அப்படியே தங்கும். இது பலருக்குத் தெரியாது. தினமும் பூட்டும் முன் அந்தப் போல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது ஒரு நிமிட வேலை.

இதற்கு நிரந்தர வழியும் உண்டு, பழைய மெஷின் பிரச்சினையோடு சேர்த்தே தீரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. நூலகங்களில் இருக்கிற பழைய மெஷின்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சுழல்கிற ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் சுழலாத, வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி, ராம் 8 ஜிபி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். திறக்க ஐந்து நிமிடம் எடுத்தது அரை நிமிடத்தில் திறக்கும். மின்டில் லாகின் அமைப்பில் கெஸ்ட் செஷன் என்று ஒன்று இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் எழுந்து போகிறவர் லாக்அவுட் செய்ததும் அவர் இறக்கிய எல்லாமே அழிந்துவிடும். 'லினக்ஸ் எங்களுக்குத் தெரியாதே' என்பார்கள். வருகிறவருக்கு வேண்டியது பிரவுசரும் பிரிண்டும், படத்தைச் சுருக்க ஒரு செயலியும்தான். மாற்றும் முன் மின்டைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே மெஷினைத் திறந்து, உங்கள் பிரிண்டர் அதில் ஓடுகிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கு, கன்னட விசைப்பலகையையும் சேர்த்து வையுங்கள், காசு கிடையாது. பார்வையற்றவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற என்விடிஏ மென்பொருள் இலவசம், அதோடு வருகிற குரல் தமிழும் படிக்கும். அது விண்டோஸில்தான் ஓடும், அதனால் ஒரு மெஷினை விண்டோஸிலேயே வையுங்கள். இயந்திரக் குரல்தான், இருந்தாலும் புரியும். ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டும். மலைப்பக்கத்து ஊர்களில் ஓடிபிக்குக் கட்டடத்தில் எந்த ஜன்னலோரம் சிக்னல் எட்டுகிறதோ, கம்ப்யூட்டர் மேசையை அங்கே நகர்த்துங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டின் நான்காவது கட்டத்தைக் கூட்டி, எது அதிகம் வருகிறதோ அதை முதலில் எடுத்துக்கொண்டு வாசகர் வட்டக் கூட்டத்தில் வையுங்கள். பேட்டரி, கேபிள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். எஸ்எஸ்டி, பிரிண்டர் போன்றவற்றை மாவட்ட நூலக அலுவலகத்துக்கு எழுதும்போது 'புதுக் கம்ப்யூட்டர் வேண்டும்' என்று மொட்டையாக எழுதாமல், இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் இந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்று நோட்டுப் பக்கத்தின் நகலை இணையுங்கள்.

நாற்பது பக்க நோட்டு போதும். பேனாவை நூல் போட்டு மேசையில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே காணாமல் போகும்.