ஏழு கொட்டையும் ஒரு நாமினியும்

(ஞாயிறு மத்தியானம். இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ரங்கநாதன் டிவி முன்னால். 1945-ல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் ஃபியர்' ஓடுகிறது. மனைவி கோமதி சாத்துக்குடிக் கூடையோடு வந்து உட்காருகிறார்.)

கோமதி: என்னங்க, கலரே இல்லை?

ரங்கநாதன்: கறுப்பு வெள்ளை. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸாக பாஸில் ராத்போன், அவர் கூட்டாளி வாட்சனாக நைஜல் புரூஸ். இந்த ஜோடி மட்டும் 14 படம். ஸ்காட்லாந்தில் கடலோரப் பாறை மேலே தன்னந்தனியாக ஒரு பங்களா, ட்ரியர்கிளிஃப் ஹவுஸ். அதில் 'குட் காம்ரேட்ஸ்' என்று கிளப் வைத்துக்கொண்டு ஏழு பேர்.

கோமதி: ஏழும் ஆம்பிளைகளா? யார் சமைப்பது?

ரங்கநாதன்: அதோ, அந்தக் கறுப்பு உடை அம்மாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டில் ஒரு கவர் கொண்டுவருகிறாள் பார். உள்ளே ஏழு ஆரஞ்சுக் கொட்டை. யார் பேருக்குக் கவரோ, அவர் காலி. அடுத்த கவரில் ஆறு கொட்டை.

கோமதி: அவள்தான் கொலைகாரி.

ரங்கநாதன்: படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை!

கோமதி: ஏழு பேருக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி, நடுவில் தபாலும் கொடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் கொலைவெறி வராது?

ரங்கநாதன்: விஷயம் அது இல்லை. இந்தக் கேஸை ஹோம்ஸிடம் கொண்டுவந்ததே இன்சூரன்ஸ்காரர். ஏழு பேருக்கும் பாலிசி. நாமினி யார் தெரியுமா? ஒருவருக்கு மற்றவர்கள்!

கோமதி: பெண்டாட்டி, பிள்ளை?

ரங்கநாதன்: கிடையாது. சிநேகிதனை நாமினியாகப் போட்டுக் கொண்டுவந்தால், என் மேஜையை அந்த ஃபாரம் தாண்டியிருக்காது. பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் ஆள் போனால் நேராக விசாரணைதான்.

(படத்தில் கலவரம்.)

கோமதி: ஐயையோ, யார் போனது?

ரங்கநாதன்: உலையில் எரிந்து கரியாகிவிட்டார். அப்புறம் ஒருவர் டைனமைட்டில் சிதறுவார். அந்த வீட்டில் சாகிறவன் முழு உடம்போடு குழிக்குப் போகமாட்டான் என்று ஒரு பேச்சு. நானாக இருந்தால் ஒரே கேள்வி: பிணத்தின் முகத்தைப் பார்த்தது யார்?

கோமதி: கரிக்கட்டைக்கு ஏது முகம்?

ரங்கநாதன்: அதேதான்! முகம் இல்லையா, செக் இல்லை. 69 நிமிஷம் இழுக்கிறார்கள். என்னிடம் வந்திருந்தால் காபி ஆறுவதற்குள் ஃபைலை மூடியிருப்பேன்.

கோமதி: நீங்கள் மூடுங்கள். அவள் மூஞ்சியே சரியில்லை.

(படம் முடியும் நேரம். ரகசிய அறையில், செத்தவர்கள் எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள்.)

கோமதி: அடப்பாவிகளா! அப்போ புதைத்தது யாரை?

ரங்கநாதன்: ஊர்க் கல்லறையிலிருந்து திருடிய பிணங்களை. எல்லாம் இன்சூரன்ஸ் பணத்துக்காக. பழி மட்டும் ஏழாவது ஆள் தலையில். பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாது. சொன்னேன் இல்லையா?

கோமதி: அந்த அம்மாள்?

ரங்கநாதன்: கவர் கொண்டுவந்ததோடு சரி.

கோமதி: இந்த ஆறு பேரும் ஒளிந்திருந்தபோது யார் சோறு போட்டது?

ரங்கநாதன்: (யோசித்து) ஹோம்ஸ் அதைக் கேட்கவில்லை.

கோமதி: கேட்கமாட்டார். தட்டில் வந்தால் சாப்பிடுகிற ஜாதி. சரி, உங்கள் பாலிசியில் நாமினி யார்?

ரங்கநாதன்: எந்தப் பாலிசி?

கோமதி: வேலையில் சேர்ந்த புதிதில் எடுத்தீர்களே, அது.

ரங்கநாதன்: அது... அம்மா.

கோமதி: அத்தை போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது.

ரங்கநாதன்: மாற்றலாம் என்றுதான்... அப்படியே இருந்தாலும், நீ ஒரு வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டால்...

கோமதி: தாசில்தார் ஆபீசில். நான். போட்டோவும் ரேஷன் கார்டுமாக.

(எழுந்து போகிறார். அடுக்களையில் மிக்சி சத்தம். திரும்பி வரும்போது தட்டில் ஒரு டம்ளர்.)

கோமதி: ஜூஸ். குடியுங்கள்.

ரங்கநாதன்: (டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து) கொட்டை எங்கே?

கோமதி: தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ரங்கநாதன்: எத்தனை?

கோமதி: இன்னும் எண்ணவில்லை. நாமினி மாற்றுகிற ஃபாரம் எங்கே கிடைக்கும்?

(ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து ரங்கநாதன் சட்டையை மாட்டுகிறார்.)